‘யார்கிட்டயும்’ என்பதில் இருக்கும் உம்

என் பிள்ளைக்கு,

நீ இன்னும் பிறக்கவில்லை. அதனால் நலமா என்று கேட்டுத் தொடங்க முடியவில்லை. நீ மகனா மகளா என்பதும் தெரியாது. நல்லவேளையாகத் தமிழில் ‘நீ’ என்று சொல்லிவிட்டால் அந்தக் கேள்வி எழாது. இதைப் படிக்கும்போது உனக்குப் பதினேழு வயதாவது ஆகியிருக்க வேண்டும். எனக்கு இப்போது அந்த வயதுதான். பிளஸ் டூ படிக்கிறேன். அடுத்த மாதம் பதினெட்டு முடிகிறது. பதினெட்டு முடிந்தவர்கள் பெரியவர்களாம். பெரியவர்களிடம் நான் கவனித்த விஷயம் ஒன்று உண்டு. எல்லோரும் ஒரு காலத்தில் பதினேழு வயதில் இருந்திருக்கிறார்கள். ஒருவருக்கும் அது ஞாபகமில்லை. எனக்கும் அப்படித்தான் ஆகும் என்று பயமாக இருக்கிறது. அதனால் அம்மா ஆவதற்கு முன்பே, அம்மா எழுத வேண்டிய கடிதத்தை எழுதி வைக்கிறேன்.

இன்னொரு காரணமும் உண்டு. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயில் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். எங்கள் தெரு அத்தை ஒருவர் என் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, “இந்தப் புள்ளைய இனி யாரு கட்டிக்குவா? கட்டுனாலும் புள்ளகுட்டி பெத்துக்கலாமாமா? டாக்டரு என்ன சொல்றாரு?” என்று கேட்டார். ரகசியம் பேசும் குரலில்தான் கேட்டார். நான் ஒரு கை தூரத்தில் நின்றேன். பெத்துக்கலாம் என்று டாக்டர் முதல் வருடமே சொல்லியிருக்கிறார். பெற்றுக்கொள்வதா வேண்டாமா என்பது நான் படித்து முடித்த பிறகு யோசிக்க வேண்டியது. ஆனால் நீ இல்லவே இல்லை என்று கோயில் வாசலில் வைத்து முடிவு கட்டியது எனக்குப் பொறுக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் உனக்கு எழுதுவது என்று தீர்மானித்துவிட்டேன்.

எனக்கு வலிப்பு உண்டு. ஒன்பதாம் வகுப்பில் முதல்முறை வந்தது. வந்ததை நான் பார்க்கவில்லை. எழுந்தபோது சுற்றி நின்றவர்களின் முகங்களைத்தான் பார்த்தேன். எங்கள் வீட்டில் அந்த நோயின் பெயரைச் சொல்வதில்லை. ‘மயக்கம்’ என்பார்கள். அம்மா வீட்டிலேயே ஜாக்கெட் தைப்பதால் அளவு கொடுக்க நாலு பேர் வந்து போவார்கள். யாராவது கேட்டால், “வெயில்ல நின்னுருச்சு, அதான் மயக்கம்” என்று அம்மா சொல்வார். திண்டுக்கல் வெயிலுக்கு அந்தப் பொய் நன்றாகப் பொருந்தியது. மார்கழி மாதத்திலும் அதையேதான் சொன்னார். செம்பட்டியில் ஒரு பள்ளிக்கூடத்துக்குத் தினமும் பஸ்ஸில் போய் வந்து கணக்குச் சொல்லித்தரும் என் அப்பா, இந்தக் கணக்கில் மட்டும் தலையிடவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போனால் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். ஊரில் நாங்கள் போகும் ஆஸ்பத்திரியின் பெயர் உனக்கு எதற்கு? எல்லா ஆஸ்பத்திரியிலும் இப்படித்தான் நடக்கிறது என்று நினைக்கிறேன். டாக்டர் என்னைப் பார்த்துத்தான் கேட்பார். “என்ன படிக்கிற?” “பிளஸ் டூ, டாக்டர்,” என்பார் அம்மா. “தூக்கம் எப்படி இருக்கு?” “நல்லாத் தூங்குவா.” “பசி?” “பசின்னா என்னான்னே தெரியாது டாக்டர் இவளுக்கு. புஸ்தகத்தக் குடுத்தாப் போதும், அதையே தின்னுக்குவா.” டாக்டர் சிரிப்பார். நாக்கை நீட்டச் சொல்லும்போது மட்டும் அம்மாவால் எனக்கு உதவ முடியாது. இதை வேடிக்கையாக எழுதுகிறேன், ஆனால் மூன்று வருடமாக என் உடம்பைப் பற்றி நான் ஒரு வாக்கியம்கூட முழுதாகப் பேசியதில்லை. எனக்கு எப்படி இருக்கிறது என்பதில் அம்மாவுக்கு ஒருபோதும் சந்தேகம் வந்ததில்லை.

அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமைக்குச் சில நாள் முன்பு, ஆஸ்பத்திரி நர்ஸ் வளர்மதி சிஸ்டர் அம்மாவை மாத்திரை வாங்க மருந்துக்கடைக்கு அனுப்பிவிட்டு, பச்சைத் துணி போட்ட திரைக்குப் பின்னால் என்னை உட்காரவைத்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. வளர்மதி சிஸ்டர் குஜிலியம்பாறைப் பக்கத்துக்காரர். நடையும் பேச்சும் வேகம். எடை பார்த்தார், பிரஷர் பார்த்தார், பிறகு குரலைத் தாழ்த்தி, “பாப்பா, தெனமும் மாத்திரை போடுறியா?” என்றார். நான் வாசல் பக்கம் பார்த்தேன். “அம்மா இல்லைல. சும்மா சொல்லு. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்” என்றார்.

அந்த ‘யார்கிட்டயும்’ என்ற சொல்லைப் பற்றித்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். நான் ஏன் அதை நம்பினேன் என்று முதலில் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் ‘சிஸ்டர்’ என்றால் இரண்டு பேர். மடத்தில் இருக்கும் கன்னியாஸ்திரியும் சிஸ்டர், ஆஸ்பத்திரியில் ஊசி போடுகிறவரும் சிஸ்டர். சின்ன வயதில் இரண்டு பேரும் ஒரே ஆட்கள், வேலை நேரத்தில் உடை மாற்றிக்கொள்கிறார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். அதோடு பாவசங்கீர்த்தனம் செய்யும் பழக்கம் வேறு. மரத்தடுப்புக்கு அந்தப் பக்கம் சாமியார் காதை மட்டும் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நாம் சொன்னதை உயிரே போனாலும் வெளியே சொல்ல மாட்டார் என்று மறைக்கல்வி வகுப்பில் சொல்லித் தந்திருக்கிறார்கள். இங்கே மரத்தடுப்புக்குப் பதில் பச்சைத் துணி. தாழ்ந்த குரல். சிஸ்டர் என்ற பெயர். என் மூளை இரண்டையும் ஒன்றாகக் கட்டிவிட்டது. வளர்மதி சிஸ்டர் நெற்றியில் குங்குமம் வைத்திருந்தார் என்பதுகூட அப்போது கண்ணில் படவில்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். ராத்திரி மாத்திரையைப் போடுகிறேன், காலை மாத்திரையைப் போடுவதில்லை என்று சொன்னேன். அதைப் போட்டால் தலைமேல் ஈரச் சாக்கைப் போட்டதுபோல் இருக்கிறது, வேதியியல் டீச்சர் பேசுவது அடுத்த தெருவிலிருந்து கேட்பதுபோல் இருக்கிறது, ஒரு பக்கத்தை மூன்று தடவை படித்தாலும் ஏறவில்லை, பரீட்சை வருகிறது என்று சொன்னேன். “எதுல ஸ்கூலுக்குப் போற?” என்று கேட்டார். சைக்கிள் என்றேன். “மெயின் ரோட்டுலயா?” ஆமாம் என்றேன். சிஸ்டர் முகம் மாறியது. எனக்கோ, கேட்க ஒரு ஆள் கிடைத்த மயக்கம். நிறுத்தாமல், அம்மா இந்த நோயை மயக்கம் என்று ஊருக்குச் சொல்வது எனக்கு அவமானமாக இருக்கிறது, சில நேரம் அம்மாவைப் பார்த்தாலே வெறுப்பாக வருகிறது என்றும் சொல்லிவிட்டேன். அதைச் சொன்னதும் நெஞ்சு லேசானது. வெறுப்பு பாதியாகக் குறைந்ததுபோல்கூட இருந்தது. அதற்குள் அம்மா மருந்துப் பையோடு வந்துவிட்டார். “நீ செத்த நேரம் வெளிய உக்காரு பாப்பா. அம்மாவ உள்ள வரச் சொல்லு” என்றார் சிஸ்டர்.

துணித்திரைக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே பேசுவது எனக்கும், எனக்குப் பக்கத்தில் கைக்குழந்தையோடு இருந்த பெண்ணுக்கும், அவருடைய மாமியாருக்கும் தெளிவாகக் கேட்டது. “காலை மாத்திரைய உங்க பொண்ணு போடறதே இல்லம்மா. சைக்கிள்ல மெயின் ரோட்டுல போகுது. ஓட்டயில வந்துச்சுன்னா பின்னாடி பஸ்ஸு. இது உயிர் சமாச்சாரம், நான் சொல்லாம இருக்க முடியாது.” காது சுட்டது. ஆனாலும் சொல்கிறேன், அந்த இடத்தில் சிஸ்டர் நிறுத்தியிருந்தால் இந்தக் கடிதமே இருந்திருக்காது. நிறுத்தவில்லை. “அப்புறம், நோய மறைக்கிறீங்கன்னு அதுக்கு மனசுல ஒரு இது. உங்களப் பாத்தாலே வெறுப்பா வருதாம். வயசுக்கு வந்த புள்ள, கொஞ்சம் பக்குவமா நடந்துக்கங்க.” கைக்குழந்தைக்காரியின் மாமியார் என்னைத் திரும்பிப் பார்த்து, உச்சுக்கொட்டினார்.

பஸ் ஸ்டாண்டு வரும்வரை அம்மா எனக்கு நாலடி முன்னால் நடந்தார். பஸ்ஸில் ஏறி, ஜன்னலோர இடத்தை வழக்கம்போல் எனக்கு விட்டுவிட்டு, பையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். “என்னையப் பாத்தா வெறுப்பா வருதா உனக்கு?” நான் வெளியே பார்த்தேன். “அந்த வெறுப்போடதான் காலையில எங்கையால மூணு தோசை தின்னியாக்கும்?” நத்தம் மாங்காய் மூட்டையோடு வந்தவர் இடம் கேட்டபோது அம்மா நகர்ந்து உட்கார்ந்தார். அப்போதுதான் அவர் கண்ணைத் துடைத்ததைப் பார்த்தேன்.

பிள்ளையே, எனக்கு எந்த இடத்தில் கோபம் என்று நீ சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். சிஸ்டர் சொன்னதற்காகக் கோபம் இல்லை. நான் சைக்கிளில் போகும்போது வலிப்பு வந்தால் செத்திருப்பேன். அதைத் தெரிந்துகொண்டு ஒருவர் வாயை மூடிக்கொண்டிருக்கக் கூடாது. எனக்கு அது அப்போதே தெரியும். என் கோபம் அந்த ‘உம்’ மேல். இலக்கண வகுப்பில் உம்மையை வகை வகையாகப் படிக்கிறோம். ‘யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்பதில் இருப்பது முற்றும்மை. ஒருவரையும் மிச்சம் வைக்காமல் எல்லோரையும் உள்ளே இழுத்துக்கொள்ளும் உம். உள்ளே எனக்கு அதைக் கொடுத்துவிட்டு, ஐந்து நிமிடத்தில் அம்மாவை அழைத்தால், அந்த உம் பொய்யாகிவிடுகிறது. ‘உனக்கு ஆபத்து என்றால் மட்டும் சொல்வேன், மற்றதைச் சொல்ல மாட்டேன்’ என்று முதலிலேயே சொல்லியிருந்தால் என்ன? நான் பேசியிருக்க மாட்டேனோ என்று சிஸ்டருக்குப் பயம். பேசியிருப்பேன். கொஞ்சம் யோசித்துப் பேசியிருப்பேன், அவ்வளவுதான். சொல்லப்போகிறேன் என்று என்னிடம் முன்னதாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லியிருக்கலாம். மாத்திரையும் சைக்கிளும் என் உயிரைப் பற்றியவை. வெறுப்பு என் மனதைப் பற்றியது. அதனால் யாரும் பஸ்ஸில் அடிபடப்போவதில்லை.

எதிர்வீட்டு அக்கா நர்சிங் இரண்டாம் வருடம் படிக்கிறார். இதைப் பற்றி உங்கள் புத்தகத்தில் ஏதாவது இருக்கிறதா என்று அவரிடம் கேட்டேன். “இருக்கேடி. நோயாளி சொன்னத வெளிய சொல்லக் கூடாது, எப்ப சொல்லலாம், சின்னப் புள்ளைன்னா என்ன செய்யணும், எல்லாம் இருக்கு. பரீட்சைக்கு வரும், அஞ்சு மார்க்கு” என்றார். புத்தகத்தை வாங்கிப் படித்தேன். நான் கோபத்தில் யோசித்து வைத்திருந்ததெல்லாம் அதில் அமைதியாக எழுதியிருந்தது. எதையெல்லாம் மறைத்து வைக்க முடியாது என்பதைப் பேச்சின் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டுமாம். வேறு வழியில்லாமல் சொல்ல நேர்ந்தால், தேவையான அளவுக்கு, தேவையான ஆளிடம் மட்டுமாம். “இத யாராவது செய்றாங்களாக்கா?” என்றேன். அக்கா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “வார்டுல நாப்பது பேருக்கு ரெண்டு பேர் நிக்கிறோம். ஸ்கிரீன் துணியத் தொவைக்கப் போட்டா திரும்பி வர ஒரு வாரம் ஆகுது. நீ வேற.” அக்கா சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதிவிட்டு வந்தால் போதும் என்று எல்லோரும் நினைக்கிற விடை, என் வாழ்க்கையில் இல்லாமல் போனது.

இனி அம்மா செய்தது. சைக்கிளைப் பூட்டிச் சாவியைத் தையல் மிஷின் டிராயருக்குள் போட்டார். அது சரி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் தெருக் கிறித்தவக் குடும்பங்கள் ஏதாவது ஒரு வீட்டில் கூடிச் செபம் சொல்வோம், அன்பியம் என்போம். அன்று அம்மா மட்டும் போனார். நான் படிக்க வேண்டும் என்று இருந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை பூசையில் மன்றாட்டு நேரம். மழைக்காக, விவசாயத்துக்காக, பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்காக என்று ஒவ்வொன்றாக ஒருவர் வாசித்துக்கொண்டே வந்தார். பிறகு, “வலிப்பு நோயால் அவதியுறும் எங்கள் அன்பியத்தின் அன்பு மகள்” என்று தொடங்கி, என் பெயரை, வீட்டுப் பெயரோடு, மைக்கில் வாசித்தார். கோயில் முழுக்க, “எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்” என்றது. பழக்கதோஷத்தில் நானும் சேர்ந்து சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் என்ன நடந்தது என்று உறைத்தது. அன்று வாசலில்தான் அந்த அத்தை உன்னைப் பற்றிக் கேட்டது.

“மூணு வருசமா மயக்கம் மயக்கம்னு சொன்னியேம்மா. இப்ப மைக்கு வச்சுச் சொல்லிட்டியே” என்றேன் வீட்டில். அம்மா உண்மையிலேயே திகைத்துவிட்டார். “ஜெபத்துக்குத்தான சொன்னேன். ஊருக்கா சொன்னேன்?” என்றார். நடிக்கவில்லை. அம்மாவுக்கு அது இரண்டும் வேறு வேறு. ஆண்டவர் காதில் போடுவதற்காகச் சொன்னது அக்கம்பக்கத்தார் காது வழியாகப் போனால் அது அம்மாவின் குற்றமில்லை. “அந்த சிஸ்டர் சொன்னதக் கேட்டதுலருந்து எனக்கு ஈரக்கொல நடுங்குது. யார்கிட்டயாவது சொல்லி அழணும்ல. உன்னோட அப்பாகிட்ட சொன்னா பேப்பரத் திருப்புறாரு.” அப்பா பேப்பரைத் திருப்பினார்.

யோசித்துப் பார். நான் சிஸ்டரிடம் சொன்னது நல்லதற்கு. சிஸ்டர் அம்மாவிடம் சொன்னது நல்லதற்கு. அம்மா அன்பியத்தில் சொன்னது நல்லதற்கு. அன்பியத்தார் கோயிலில் வாசித்தது நல்லதற்கு. இதில் ஒருவர்கூட எனக்குக் கெடுதல் நினைக்கவில்லை. கெட்டவர் ஒருவர் இருந்திருந்தால் அவரைத் திட்டிவிட்டு நிம்மதியாகப் படிக்கப் போயிருப்பேன். திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் பின்பெஞ்சுக்காரி ஒருத்தி என் மேஜையில் ஒரு சாவிக்கொத்தை வைத்து, “வச்சுக்கடி. வந்துச்சுன்னா கையில இரும்பு குடுக்கணுமாம்ல. எங்கப்பா பூட்டுக் கடைதான, எம்புட்டு வேணும்னாலும் தாரேன்” என்றாள். பாதி கிண்டல், பாதி அக்கறை. சாவியால் வலிப்பு நிற்காது, ஒருக்களித்துப் படுக்கவைத்தால் போதும் என்று அவளிடம் சொல்லலாம் என்று நினைத்தேன். எதுவும் சொல்லவில்லை. இனி யாரிடமும் எதுவும் சொல்வதில்லை என்று அன்றுதான் முடிவெடுத்தேன். என்னுடைய முற்றும்மை.

அந்த முடிவு என்ன செய்தது என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன். அம்மா தினமும் காலையில் மாத்திரையைத் தன் கையால் கொடுத்து, தண்ணீர் கொடுத்து, “வாயத் தொற” என்று பார்ப்பார். நான் மாத்திரையைக் கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவே ஒதுக்கி, பின்கட்டில் துப்பினேன். ஈரச் சாக்கு பயம் பாதி, பிடிவாதம் பாதி. ஒரு நாள் மதியச் சாப்பாட்டு இடைவேளையில், பள்ளிக்கூடத்து மாடிப்படியில் உட்கார்ந்திருந்தபோது வலிப்பு வந்தது. நாலு படி உருண்டிருக்கிறேன். புருவத்துக்கு மேல் தையல் போட்டார்கள். மேல் படியில் உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மாவிடம் சொன்னார். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

மறுபடி டாக்டரிடம் போனோம். “மாத்திரை ஒழுங்காப் போடுறாளா?” “நானே கையில குடுத்து முழுங்க வைக்கிறேன் டாக்டர். ஒரு வேளகூடத் தவறல” என்றார் அம்மா. டாக்டர் யோசித்தார். “மாத்திரை போட்டும் வந்திருக்குன்னா டோஸ் பத்தல. இதையே கூட்டி, கூட இன்னொண்ணு சேக்குறேன்.” நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். அந்த இரண்டு வாக்கியத்துக்கு நடுவில் இருந்த தப்பு எனக்கு மட்டும்தான் தெரியும். போடாத மாத்திரையை, பத்தவில்லை என்று கூட்டுகிறார். இனி அம்மா இன்னும் உன்னிப்பாகப் பார்ப்பார். என்றாவது ஒரு நாள் எல்லாவற்றையும் உண்மையாகவே விழுங்கினால் என்ன ஆவேன்? ஈரச் சாக்கு ஒன்று அல்ல, மூன்று நான்கு. டாக்டர் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ. அவர் அடுத்த ஆளைக் கூப்பிட மணியை அடித்துவிட்டார்.

புது மாத்திரையைப் பற்றிச் சொல்ல வளர்மதி சிஸ்டர் என்னைத் திரைக்குப் பின்னால் உட்காரவைத்தார். அம்மா மருந்துக்கடைக்குப் போயிருந்தார். சிஸ்டர் தையல் போட்ட இடத்தைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். “பாப்பா, மாத்திரை உள்ள போகுதா?” என்றார். நான் என் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். “கேக்குறேன்ல.”

“சொன்னா அம்மாகிட்ட சொல்லுவீங்க” என்றேன்.

“அதுக்குன்னு? உனக்கு பதினெட்டு ஆகல. அம்மாதான் கையெழுத்துப் போடுது. நடுரோட்டுல விழுந்து கெடந்தா எங்கிட்டதான் தூக்கிட்டு வருவாங்க. நான் என்ன சாமியாரா, கேட்டுட்டு ஆசீர்வாதம் பண்ணி அனுப்ப?”

“சைக்கிளச் சொன்னது சரி. வெறுப்பு வருதுன்னு சொன்னத எதுக்குச் சொன்னீங்க?”

சிஸ்டர் பிரஷர் பார்க்கும் பட்டையைச் சுற்றி வைத்தார். “அம்மாவும் மகளும் சேந்துக்கட்டும்னுதான்” என்றார். குரல் இறங்கியிருந்தது.

“எங்கிட்ட முன்னாடி சொல்லியிருக்கலாம்ல. ‘இத நான் சொல்லப்போறேன்’னு.”

“சொல்லியிருந்தா விட்டிருப்பியா?”

“விட்டிருக்க மாட்டேன். அழுதிருப்பேன். ஆனா தெரிஞ்சிருக்கும்.”

வெளியே யாரோ “சிஸ்டர்” என்று கூப்பிட்டார்கள். “வாரேன், இரு” என்று அவர் எட்டிச் சொல்லிவிட்டு, ஸ்டூலை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல்முறை. மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. கணக்குப் பேசுகிறவர்போல் விரலை நீட்டிக்கொண்டு பேசினார். “இங்க பாரு. மாத்திரை விசயம், விழுகுற விசயம், உசுருக்கு ஆபத்தான விசயம், இது எதச் சொன்னாலும் டாக்டருக்குப் போகும். அம்மாவுக்கும் போகும். அத மறைக்க மாட்டேன், மறைப்பேன்னு சொல்லவும் மாட்டேன். மத்ததெல்லாம் இந்தத் துணிக்குள்ளயே. போறதுக்கு முன்னாடி எது போகுதுன்னு உங்கிட்ட சொல்லிட்டுப் போறேன். இப்ப சொல்லுறியா, நான் அடுத்த பேஷண்ட்டப் பாக்கவா?”

அதே சிஸ்டர்தான். அதே பச்சைத் துணிதான். ஆனால் இந்த முறை அவர் பேச்சில் முற்றும்மை இல்லை. எனக்கு அதுவே போதுமாக இருந்தது. சொன்னேன். துப்பியதைச் சொன்னேன். தலைமேல் சாக்கு விழுவதுபோல் இருப்பதை டாக்டரிடம் ஒரு தடவையாவது என் வாயால் சொல்ல வேண்டும் என்றும் சொன்னேன். வேறு சிலவும் சொன்னேன். அவற்றை உனக்கும் எழுத மாட்டேன். “இதுல துப்புனதும் தல மந்தமா இருக்குற விசயமும் டாக்டருக்குப் போகுது. அம்மாவுக்கு யாரு சொல்றது, நானா நீயா?” என்று கேட்டார் சிஸ்டர். நானே சொல்கிறேன், நீங்கள் பக்கத்தில் மட்டும் நில்லுங்கள் என்றேன். அம்மா வந்தார். சொன்னேன். புது மாத்திரைப் பை கையில் இருந்தது. அடிப்பார் என்றுதான் நினைத்தேன். “நித்தமும் வாயத் தொறந்து காட்டுனியேடி” என்றார், அவ்வளவுதான். சொல்லிவிட்டு சிஸ்டரின் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

மறுபடி டாக்டர் அறைக்குள் போனோம். இந்த முறை நான் பேசினேன். டாக்டர் புதிதாகச் சேர்த்த மாத்திரையைச் சீட்டில் அடித்துவிட்டு, காலை மாத்திரையைக் குறைத்து இரவில் கூட்டினார். “இத மொதல்லயே சொல்லியிருந்தா முடிஞ்சுபோச்சு” என்றார். மூன்று வருடமாக யார் கேட்டார்கள் என்று சொல்ல நாக்கு துடித்தது. அம்மா முந்திக்கொண்டு, “அவ கேட்டாத்தான் சொல்லுவா டாக்டர், அவ சுபாவம் அப்படி” என்று எனக்குப் பதிலாகப் பதில் சொன்னார்.

இப்போது பதினைந்து இருபது நாளாக மாத்திரை போடுகிறேன். டீச்சர் அடுத்த தெருவிலிருந்து வகுப்பறைக்கே வந்துவிட்டார். சைக்கிள் இன்னும் கிடைக்கவில்லை. நேற்று சாயங்காலம் அன்பியத்து அத்தை அம்மாவுக்குப் போன் செய்தார். அம்மா தையல் மிஷினை நிறுத்திவிட்டு, போனைக் கையால் பொத்திக்கொண்டு, “எப்படி இருக்கன்னு கேக்குறாங்க. என்ன சொல்லட்டும்?” என்று என்னிடம் கேட்டார். என் உடம்பைப் பற்றி அம்மா என்னிடம் அனுமதி கேட்டது என் வாழ்க்கையில் முதல்முறை. “நல்லாருக்கான்னு மட்டும் சொல்லும்மா” என்றேன். அம்மா கையை எடுத்தார். “நல்லாருக்காளாம் மதினி. இல்ல, அம்புட்டுதான். அதுக்கு மேல சொல்லக் கூடாதுங்கறா” என்றார்.

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன். நீ ஒரு வேளை நர்ஸ் ஆகலாம். அப்படி ஆனால், எதிரே இருக்கும் பிள்ளை நம்ப வேண்டும் என்பதற்காக, உன்னால் காப்பாற்ற முடியாத அந்த ‘உம்’மைக் கொடுக்காதே. நீ அந்தப் பிள்ளையாக இருக்கலாம். அப்போது பக்கத்து நாற்காலியில் நான் இருப்பேன். டாக்டர் உன்னைக் கேட்க, நான் பதில் சொல்லிக்கொண்டிருப்பேன். என் அம்மாவின் மகள் நான். அந்த வழக்கம் எனக்கும் வரும். வந்தால், “நீ செத்த வெளிய இரும்மா” என்று சொல். நான் முறைப்பேன். மூன்று தோசையைச் சொல்லிக் காட்டினாலும் காட்டுவேன். ஆனாலும் எழுந்துபோய் வெளியே உட்காருவேன், உள்ளே பேசுவது கேட்காத தூரத்தில்.

இப்படிக்கு,
உன் அம்மா